நம்பருக்குப் பதில் சொன்னவன்

குகனுக்குக் கைப்பேசி பழுதுபார்க்கும் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி உள்ளே போனால், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் உட்கார மட்டும் இடமுள்ள கடை. அந்தக் கடைக்கு வந்துபோன கைப்பேசிகளுக்குள் எத்தனை குடும்பங்களின் மானம் இருந்திருக்கும்! ஒன்றைக்கூட அவன் திறந்து படித்ததில்லை. "நம்ம வேல ஸ்கிரீன மாத்துறது மட்டும்தான் பாஸ். உள்ள என்னா இருக்குன்னு நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தில் கைக்கடிகாரம் விற்கும் நாகையாவிடம் மார்தட்டிக்கொள்வான். ஊரார் கைப்பேசியை எட்டிப் பார்க்காத அந்த உத்தமன், நாற்பது வயதுக்கு மேல் சொந்தப் பெண்டாட்டியின் கைப்பேசியில் போய் விழுந்தான்.

விழ வைத்தது ஒரு சிரிப்பு.

புனிதா சுலபத்தில் சிரிக்கிற ரகம் இல்லை. குகன் பெரிய நகைச்சுவை என்று நினைத்து ஒன்றைச் சொன்னால், "ம்ம், சாப்பிடுங்க" என்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் சாயங்காலம் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிள்ளானில் ஐந்தாவது மாடி வீடு அவர்களுடையது. கீழே லோரி போகிற இரைச்சலையும் மீறி அந்தச் சிரிப்பு கூடத்துக்குள் வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் வாங்கியதில்லை.

"யாரு?" என்றான், அவள் உள்ளே வந்ததும்.

"வேல லா. ரியாஸ்."

அவள் அதோடு முடித்துவிட்டாள். அவனுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஓர் இரசாயனக் கிடங்கில் புனிதாவுக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் டிரம்களில் எது என்ன, எதை எந்த வரிசையில் வைக்கலாம், எதை எதன் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று சொல்வது அவள் பொறுப்பு. அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மாலை ஷிப்டில் அதை இறக்கி வைப்பவன் ரியாஸ். நாகூர்ப் பக்கத்துப் பையன், வேலை பெர்மிட்டில் வந்தவன், ஊரில் இளம் மனைவி இருக்கிறாள். சந்தேகம் வந்தால் புனிதாவைக் கேட்காமல் ஒரு டிரம்மையும் நகர்த்தமாட்டான்.

இதெல்லாம் குகனுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான புதிதில் புனிதா கிடங்கு வேலையைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். அவன் அப்போது யாருடைய போனுக்கோ ஈயம் வைத்துக்கொண்டு 'ம்' கொட்டினான். கொஞ்ச நாளில் அவளும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

சிரிப்புக்கு மறுநாளிலிருந்து அவன் கண் அவள் கைப்பேசி மேலேயே இருந்தது. மேசையில் அது மினுங்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினான். ரியாஸ் என்ற பெயரும் அதற்குக் கீழே வெறும் எண்ணும் தெரிந்தன. 67-64-1. இன்னொரு நாள் 108-88-3. வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. நடுவில் இரண்டு கோடு போட்ட எண் மட்டும். அடையாள அட்டையின் ஐ.சி. நம்பர்தான் இப்படிக் கோடு போட்டு வரும். யாருடைய ஐ.சி.யை இவன் என் பெண்டாட்டிக்கு அனுப்புகிறான்? அதற்கும் இது நீளம் பத்தவில்லையே. அப்படியானால் ஏதோ சங்கேதம். இந்த எண்ணுக்கு இன்ன வார்த்தை என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். குகனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மனம் தாங்காமல் நாகையாவிடம், யாரோ ஒரு வாடிக்கையாளரின் கதை மாதிரி சொன்னான். நாகையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாலு நம்பரா வருதா பாஸ்? வந்தா சொல்லுங்க, எடுத்துப் பாப்போம்," என்றார். அந்த மனிதருக்கு லாட்டரிக் குலுக்கலைத் தாண்டி உலகம் கிடையாது.

கடைசியில் குகன் செய்தது மிகவும் எளிமையான காரியம். 67-64-1 என்று கைப்பேசியில் தட்டித் தேடினான். ஒரு வலைத்தளம் திறந்தது. எண்ணைப் போட ஒரு கட்டம், அதன் கீழே பதில்: அசிட்டோன். பக்கத்தில் கம்பிகளை வளைத்து வைத்த மாதிரி ஒரு படம். 108-88-3 போட்டான். டொலுயீன். உலகத்தில் உள்ள ஒவ்வொரு இரசாயனத்துக்கும் இப்படி ஒரு பதிவு எண் உண்டாம். ஒரே பொருளை ஊருக்கு ஊர் பத்துப் பெயரில் அழைத்தாலும் எண் ஒன்றுதானாம். லேபிளில் சீன எழுத்தும் கொரிய எழுத்தும் இருந்தாலும் எண்ணை வைத்துப் பிடித்துவிடலாமாம்.

அடச்சே, இதுதானா என்று சிரித்துவிட்டான். நாகையாவுக்கு ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தான். அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும் நின்றது.

சந்தேகப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மனிதன் நிறுத்திக்கொள்ள வேண்டுமா இல்லையா? பொறாமைக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே அது வேறு வழியாக உள்ளே வந்தது. சங்கேதமாக இருந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். இது வேலை. வேலையைச் சொல்லி எந்தப் புருஷன் சண்டை போட முடியும்? ஆக, அவன் தினமும் கூப்பிடலாம், இவள் தினமும் சிரிக்கலாம், குகன் வாயை மூடிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொள்ள வேண்டும்.

அதோடு இன்னொரு கணக்கும் அவனை அரித்தது. போன தீபாவளிக்கு ரியாஸ் வீட்டுக்கு வந்திருந்தான். ஒட்ட வெட்டிய தாடி, இஸ்திரி கலையாத சட்டை. புனிதாவை அக்கா என்றான். குகனை அண்ணே என்றான். அன்று அது காதில் இனிமையாகத்தான் விழுந்தது. இப்போது யோசித்தால் அதில் ஒரு சூது தெரிந்தது. அவள் நிஜமாகவே அக்கா என்றால் நான் அத்தான் அல்லவா? என்னை அண்ணன் ஆக்கினால் அவள் அவனுக்கு அண்ணி. அக்கா என்பது சும்மா வாய்க்கு. இப்படி முறை பார்த்துப் பார்த்து ஒரு ஸ்டேஷனைத் தவறவிட்டு, திரும்பி வந்தான்.

தினமும் நடப்பது ஒரே மாதிரிதான். எண் வரும். சில நாள் புனிதா இரண்டு வார்த்தையில் பதில் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சில நாள் எண்ணைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவாள். அந்தச் சில நாள்தான் குகனுக்கு நெஞ்சில் நெருப்பு. எண்ணுக்குப் பெயர் அந்த வலைத்தளத்திலேயே இருக்கிறதே. பெயரை எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. பிறகு எதற்குப் பேச்சு? எதற்குச் சிரிப்பு? பேசுவதற்காகத்தான் எண், எண்ணுக்காகப் பேச்சு இல்லை என்று முடிவுகட்டினான்.

பொறாமை அவனை ஒரு மாதத்தில் மாணவனாக்கிவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்த வலைத்தளத்தில்தான் கிடந்தான். அவள் கைப்பேசிக்கு வந்து அவன் கண்ணில் பட்ட எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தான். 64-19-7 புளிக்காடியில் இருக்கும் அமிலம். 67-63-0 போட்டபோது வந்த பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டான். ஐசோபுரோபைல் ஆல்கஹால். அவன் மேசையிலேயே சின்னப் புட்டியில் நிற்கிறது, தண்ணீர் புகுந்த போன்களைத் துடைப்பது அதை வைத்துத்தான். இத்தனை வருடமாக அவள் உலகத்துச் சாமான் ஒன்று அவன் கை பக்கத்திலேயே இருந்திருக்கிறது. உடனே அவளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது சொல்லத்தான் வாயெடுத்தான். "நான் கடையில துடைக்கிறேனே ஒரு தண்ணி, அதுக்கும் நம்பர் இருக்கு தெரியுமா?"

புனிதா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவன் பார்த்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்? எந்தத் தண்ணி? ஐ.பி.ஏ.வா?"

அந்த நேரம் பார்த்து மேசையில் போன் மினுங்கியது. ரியாஸ். அவள் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். "ஒன்னும் இல்ல லா, எங்கயோ பாத்தேன்," என்று குகன் தட்டோடு எழுந்துவிட்டான். அவள் "சொல்லுங்களேன்" என்றது முதுகுக்குப் பின்னால் கேட்டது. கேட்டும் திரும்பவில்லை.

இனி நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

புனிதா கோயிலுக்குப் போயிருந்தாள். கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். குகன் அன்று சீக்கிரம் கடையை மூடிவிட்டு வந்து, தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அதாவது டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவன் சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் மினுங்கியது.

7722-84-1.

போனைத் திறக்க விரலால் இழுக்கும் கோலத்தை அவனே அமைத்துக் கொடுத்திருந்தான், அவளும் மாற்றவே இல்லை. விரல் தானாகப் போட்டது. முதல் தடவையாக அவர்கள் பேச்சை முழுசாக மேலே தள்ளிப் படித்தான். எண்கள், பெயர்கள், வரிசைகள். 'சரிங்கக்கா', 'நன்றிங்கக்கா'. வேறு எதுவுமே இல்லை. ஒரு பூ படம்கூட இல்லை. நியாயமாக அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எழுத்தில் இல்லாதது எல்லாம் அந்த அழைப்புகளில் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

தன் போனில் எண்ணைத் தட்டினான். ஹைட்ரஜன் பெராக்சைடு. தெரிந்த சாமான்! காயத்துக்கு ஊற்றினால் நுரைக்குமே, மருந்துக்கடையில் பழுப்புப் புட்டியில் கிடைக்குமே, அது. இன்னும் மேலே தள்ளிப் பார்த்தான். சில மாதத்துக்கு முன்னால் ரியாஸ் இதே எண்ணை அனுப்பியிருந்தான். புனிதா பதில் போட்டிருந்தாள்: 'ஹைட்ரஜன் பெராக்சைடு. A வரிசை.' எண் ஒன்று, பெயர் ஒன்று, பதிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அதையே எடுத்து அப்படியே ஒட்டினான். அனுப்பினான்.

ஒரு விதமான ஆனந்தம் வந்தது. இன்று பால்கனி இல்லை, சிரிப்பு இல்லை. நம்பர் வந்தது, பதில் போனது, கதை முடிந்தது.

முடியவில்லை. உடனே இன்னொன்று வந்தது. 'அக்கா, லேபிள் பாதி கிழிஞ்சிருக்கு. கூப்பிடவா?'

அதில் குகன் கண்ணில் பட்டது கடைசி வார்த்தை மட்டும்தான். பார், எப்படியாவது பேசிவிட வேண்டும் இவனுக்கு! பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்: 'வேண்டாம். கூப்பிடாதே.'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் அங்கே டிரம் முன்னால் முகம் தொங்கி நிற்பதை நினைத்தபோது குகனுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பிறகு வந்தது: 'சரிங்கக்கா.'

அன்று வந்ததையும் போனதையும் மட்டும் அவள் போனிலிருந்து அழித்தான். புனிதா திருநீறு நெற்றியோடு வந்து, "போன் வந்துச்சா?" என்று கேட்டபோது, "இல்லயே" என்றான். அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

மறுநாள் விடியும் முன்பே போன் அடித்தது. கிடங்கில் தீ.

டிரம் ஒன்றின் மூடி இளகி, உள்ளே இருந்தது அடியில் இருந்த மரப்பலகையில் சொட்டியிருக்கிறது. பலகை கருகிப் புகைந்து பிடித்துக்கொண்டது. A வரிசை முழுக்க மரப்பலகையும் அட்டைப்பெட்டியும்தான். பொம்பா தீயணைப்பு வண்டிகள் வந்து அணைத்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் புகைக்குள் ஓடிய காவல்காரரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

"பெராக்சைடா? A வரிசையிலயா?" புனிதா படுக்கையில் உட்கார்ந்தபடியே கத்தினாள். "அம்பது பர்சென்ட் சாமான யாராச்சும் பலக பக்கத்துல வைப்பாங்களா? நான் சொல்லவே இல்லயே! என்னைக் கேக்கவே இல்லயே!"

குகன் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான். ஐம்பது பர்சென்ட் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் அந்த நொடியில் நன்றாகத் தெரிந்தது. அவள் அவசரமாக உடுத்திக்கொண்டு போன பிறகு தேடிப் பார்த்தான். காயத்துக்கு ஊற்றுவது மூன்று பர்சென்ட். ஐம்பது பர்சென்ட் மரத்தில் பட்டால் தானே தீ மூட்டும். போன தடவை A வரிசைக்குப் போனது அந்த வீரியம் குறைந்த சரக்காக இருந்திருக்கும். இரண்டுக்கும் எண் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். எவ்வளவு வீரியம் என்று அந்த எண் சொல்வதில்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புனிதா சாயங்காலம்தான் திரும்பினாள். கைப்பையைக் கீழே வைக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

"நேத்து நான் கோயில்ல இருந்தப்ப என் போன எடுத்தீங்களா?"

வீட்டில் வேறு ஆள் இருந்தால் கையைக் காட்டியிருப்பான். "எடுத்தேன்," என்றான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்ததை யாருக்கோ நடந்த மாதிரி சொன்னாள். மேனேஜர் லிம் கேட்டதும் ரியாஸ், "அக்காவக் கேக்கல சார், நானா வச்சேன்," என்று சொல்லிவிட்டான். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினான். அவள் பெயரில் போன பதில் அதில் இருந்தது. 'கூப்பிடாதே' இருந்தது. "தெரியாம பண்ணிட்டீங்கக்கா, பரவால்ல. உங்களுக்கு வேல போயிட்டா இந்த வயசுல எங்க போவீங்க? எனக்கு ஊர் இருக்கு," என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தான்.

"நீ என்னா சொன்ன?"

"என்னா சொல்றது? எம் புருசன்தான் பண்ணாருன்னு சொல்றதா?" அவள் குரல் உடைந்தது. "வாயத் தொறக்க முடியல. நின்னேன். அந்தப் பையன் பெர்மிட்ட கேன்சல் பண்றாங்க. ஊருக்கு அனுப்புறாங்க. நான் மரம் மாதிரி நின்னேன்."

குகன் தரையைப் பார்த்தான்.

"ஏன் பண்ணீங்க?"

மழுப்ப நினைத்தான், வரவில்லை. "அவன் உன்னைக் கூப்பிடக்கூடாதுன்னு."

"கூப்பிட்டா என்னா பேசுவோம்னு நெனச்சீங்க?"

குகன் சார்ஜர் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"எத்தன பர்சென்ட்னு கேப்பேன். லேபிள்ள என்னா இருக்குன்னு கேப்பேன். அவனுக்குச் சீன எழுத்து தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும், போட்டோ எடுத்தாலும் அந்த இருட்டுல ஒன்னும் தெரியாது. அதனால வாயால சொல்லுவான். 'அக்கா, வீடு மாதிரி ஒன்னு, பக்கத்துல ஏணி மாதிரி ஒன்னு, அதுக்குக் கீழ ஒருத்தன் கொட புடிச்சிக்கிட்டு ஓடுறான்'னு சொல்லுவான். அதுக்குத்தான் சிரிப்பேன். அவ்வளவுதான்." அவள் அழுதாள். "என்னைக் கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

குகனுக்கு அப்போதும் வந்த முதல் உணர்ச்சி என்ன தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இவள் அழுவது எனக்காகவா, அவனுக்காகவா என்று ஒரு கேள்வி. அந்த மனிதனை என்ன செய்வது!

ஞாயிற்றுக்கிழமை அவனே கிளம்பிப் போனான். கடைவீட்டு மாடி ஒன்றில் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். ரியாஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். குகனைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"வாங்கண்ணே. அக்கா எப்படி இருக்காங்க? அவங்கள ஏதும் சொல்லிடாதீங்கண்ணே. யாருக்குன்னாலும் ஒரு நாள் கை தவறும்."

குகன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டான். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். நான்தான் பதில் போட்டேன் என்றான். ஏன் போட்டேன் என்பதையும், அந்த அக்கா-அண்ணே முறைக் கணக்கு உட்பட, சொன்னான். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தயாராகவே இருந்தான்.

குகன் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அந்தப் பையன் முகம் தெளிந்தது.

"அப்ப அக்கா தப்பு பண்ணலயா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் ரியாஸ். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். "எனக்கு அதாண்ணே புரியவே இல்ல. அக்கா எப்படிக் கூப்பிடாதேம்பாங்க? சாதாரண வினிகருக்கே எத்தன பர்சென்ட்னு கேக்குறவங்க. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. மெசேஜப் பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அக்கா சொல்லிட்டாங்களேன்னு வச்சேன். வேற யார் சொல்லியிருந்தாலும் வச்சிருக்க மாட்டேன்."

குகன் பிடித்திருந்த கதவு நிலையை இறுக்கிப் பிடித்தான். பன்னிரண்டு வருடம் கூட இருந்த புருஷன் புனிதாவைச் சந்தேகப்பட்டான். சாயங்காலம் எண் அனுப்பும் எவனோ ஒருவன், கண்ணால் மெசேஜைப் பார்த்தும் நம்ப முடியாமல் தவித்திருக்கிறான். இதைவிட அவன் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"நான் லிம்கிட்ட போய்ச் சொல்றேன் தம்பி. நாளைக்கே சொல்றேன்."

"சொன்னா என்னண்ணே ஆகும்? அக்கா போன வெளியாள் எடுத்தாச்சுன்னு அவங்க வேலயும் போகும். என் பெர்மிட் திரும்ப வராது. லெட்டரெல்லாம் மேல போயாச்சு." அவன் ஒரு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான். "என் வொய்ஃப் சுமையாகிட்ட சொல்லிட்டேன். வாங்க, பாத்துக்கலாம்னுட்டா. அவ கொஞ்சம் சந்தோசமாத்தான் இருக்கா."

அது பொய் என்று குகனுக்குத் தெரிந்தது. நாகூருக்குத் திரும்பினால் கடன் வாசலில் உட்கார்ந்திருக்கும். பெர்மிட்டில் வருகிற எவனும் கடன் இல்லாமல் வருவதில்லை. தெரிந்தும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். இறங்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது, "அக்காவுக்கு சலாம் சொல்லுங்க அத்தான்!" என்று.

வீட்டுக்கு வந்து புனிதாவிடம் ஒன்று விடாமல் சொன்னான். அந்தக் கடைசி வார்த்தை உட்பட. அவள் சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

திங்கள் காலையில் புனிதா வழக்கத்தைவிடச் சீக்கிரம் உடுத்திக்கொண்டாள். அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் கைப்பையில் வைத்தாள்.

"லிம்கிட்ட சொல்லப் போறேன்," என்றாள். "அந்தப் பையன் பேர்ல எழுதுன தப்ப என் பேர்ல எழுதச் சொல்லப் போறேன்."

"வேல போயிடும் புனிதா. அவனே வேணாம்னுதானே சொன்னான்? பெர்மிட்டும் திரும்ப வராதாம். ஒரு பிரயோசனமும் இல்ல."

"இல்லதான்."

"அப்புறம் எதுக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் குகனுக்குச் சமாளிக்க வழி தெரிந்திருக்கும்.

"நம்பர் வரும். பாப்பேன், சொல்லுவேன். போன வச்சதும் மறந்துடுவேன். அவன் மூஞ்சிகூட எனக்குச் சரியா ஞாபகம் இருக்காது, தெரியுமா? இத்தன வருசத்துல வேல நேரம் தவிர ஒரு நிமிசம் அந்தப் பையன நான் நெனச்சதில்ல." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "இனிமே நெனப்பேன். சமைக்கிறப்ப நெனப்பேன். படுக்குறப்ப நெனப்பேன். எனக்காக ஒருத்தன் போனான்னு சாகுற வரைக்கும் நெனச்சிக்கிட்டேதான் இருப்பேன். அத என்னால நிறுத்த முடியாது."

கதவு சாத்திக்கொண்டது. லிப்ட் வருகிற சத்தம் கேட்டது. குகன் கூடத்தின் நடுவில் நின்றான். நெஞ்சில் அந்தப் பழைய நெருப்பு மறுபடியும் மூண்டது. இந்தத் தடவை அதற்கு உண்மையான காரணம் இருந்தது.